மணவாளன் என்று பாடும் ஆண்கள்

திருச்சபையில் தன்பாலீர்ப்புள்ள எங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஆறேழு வசனங்களைத் தாண்டிப் போகாது. ஆதியாகமம் 19 (சோதோம் அழிந்த கதை), லேவியராகமம் 18-ம் 20-ம், ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6. எதிரில் இருப்பவர் ஒரு வசனத்தைச் சொல்வார், நான் விளக்கம் சொல்வேன், அவர் அடுத்ததுக்குத் தாவுவார். பேசி முடிக்கும்போது இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டிருக்கும். ஆண்டவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம்.

நான் மதுரையில் பிறந்து, ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு என்று சபைக்குள்ளேயே வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவன். ஆண்களை நேசிக்கிற ஆண். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. வசன விவாதங்களில் ஜெயித்த நாட்களில்கூட எனக்குச் சமாதானம் வந்ததில்லை. பழைய துறவிகள் கடவுளோடு பேசிய விதத்தைப் படித்தபோதுதான் வந்தது. அவற்றை எப்படிப் படித்தேன், எது கைகொடுத்தது, எங்கே கவனம் வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகிற பிள்ளைகள் இன்றைக்கும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பாடகர் குழுவில் நான் பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடுகிறவன். எங்கள் கீர்த்தனைகளில் கிறிஸ்து மணவாளன், நேசர், பிரியர். ஆத்துமா மணவாட்டி. பின்வரிசையில் மீசை வைத்த ஆண்கள், வங்கியில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தங்களை மணவாட்டியாக வைத்துப் பாடுவார்கள். ஒருவர் முகத்திலும் கூச்சம் இருக்காது. ஆனால் ஒரு ஆண் ஆண்டவரை மணவாளன் என்று கூப்பிடத் தொடங்கியது எப்போது, ஏன், அதில் என்ன இருக்கிறது என்று எந்த வேதபாட வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

மதுரைக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியும் இல்லை. மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு மந்திரியாக இருந்த மாணிக்கவாசகர், திருவெம்பாவையையும் திருவம்மானையையும் பெண்களின் குரலில்தான் பாடியிருக்கிறார். நம்மாழ்வார் தலைவியாகி உருகும்போது அவரைப் பராங்குச நாயகி என்கிறார்கள். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியாக ஆண்டாளைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் பக்தி என்றாலே அதில் காதலின் பேச்சு கலந்திருக்கும். சபையில் அதைப் பாடலாம். யோசித்துப் பார்த்தால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

என் துணைவன் கத்தோலிக்கன், திண்டுக்கல் பக்கம். அவனுடைய அத்தை ஒரு கன்னியாஸ்திரி. எங்களைப் பற்றி நாங்கள் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். பைபிளில் உள்ள காதல் பாட்டான உன்னதப்பாட்டைப் பற்றிப் புனித பெர்னார்டு செய்த பிரசங்கங்கள், ஆங்கிலத்தில். ஓரமெல்லாம் சிஸ்டருடைய பென்சில் குறிப்புகள். "தம்பி, இதை யார்கிட்டயும் வாதாடுறதுக்குப் படிக்காதீங்க. ஜெபம் பண்றதுக்குப் படிங்க" என்றார்.

பெர்னார்டு பிரான்சில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்தவர். 1135-ல் இந்தப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1153-ல் இறக்கும்போது 86 பிரசங்கம் ஆகியிருந்தது. உன்னதப்பாட்டில் எட்டு அதிகாரம். அவரால் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனம் வரைதான் வர முடிந்தது. "அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக" என்ற ஒரு வரியிலேயே தொடக்கப் பிரசங்கங்கள் பல ஓடிவிடுகின்றன. அவர் முன்னிறுத்திப் பேசுவது தன் மடத்துத் துறவிகளை, எல்லோரும் ஆண்கள். இந்த வரியைப் பேசுகிற மணவாட்டி கடவுளுக்காகத் தாகமாயிருக்கிற ஆத்துமா, அதாவது நீங்கள்தான், என்று அவர்களிடம் சொல்கிறார்.

அந்த முத்தத்துக்கு முன்னால் இரண்டு முத்தம் இருக்கிறது என்பது அவருடைய போதனை. முதல் முத்தம் பாதத்தில். விழுந்து கிடந்து அழுகிறவனுடையது. அடுத்தது கையில்; தூக்கி நிறுத்துகிற கைக்கு. மூன்றாவதுதான் வாயில். எடுத்த எடுப்பில் மூன்றாவதுக்குத் துணியாதே, பாதத்திலிருந்து ஏறி வா என்கிறார்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை என் துணைவனோடு அவன் ஊர்க் கோவிலுக்குப் போயிருந்தேன். சிலுவை முத்தி செய்ய நீண்ட வரிசை. எங்கள் சபையில் இந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொருவர் முத்தமிட்டதும் பீடச்சிறுவன் ஒரு வெள்ளைத் துணியால் சுரூபத்தின் பாதத்தைத் துடைத்தான். பாதத்தில் மட்டும் வண்ணம் போய் மரம் தெரிந்தது. வருடாவருடம் வாய் பட்டுத் தேய்ந்த இடம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, உதட்டைப் பாதத்தில் வைத்தபடியே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பையன் துணியோடு நின்றான். வரிசை நகரவில்லை, யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை. ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையுமாக ஊரே வரிசையில் நின்று, விலாவில் குத்துப்பட்டுத் தொங்குகிற ஒரு ஆணின் உடலை முத்தமிடுகிறது. என் உதடு மட்டும் அதற்கு அசுத்தம் என்று சின்ன வயதிலிருந்து என் மனதில் ஏற்றியது யார்? அந்தக் கேள்வியோடுதான் குனிந்தேன். பெர்னார்டின் முதல் முத்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அவர் அதில் மனந்திரும்புதலைச் சொல்கிறார். நானும் மனந்திரும்ப வேண்டியவன்தான்: பொறாமைக்காக, கோபத்துக்காக, தம்பியோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்ததற்காக. நேசித்ததற்காக அழவேண்டும் என்று மட்டும் அன்று தோன்றவே இல்லை.

ஆகவே யாராவது என்னிடம் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், சர்ச்சைக்குரிய வசனங்களை ஒரு மாதம் ஒதுக்கிவைக்கச் சொல்வேன். அவை எங்கேயும் ஓடிப்போகாது. உன்னதப்பாட்டை எடுத்து இரவில் ஒரு அதிகாரம் வாயால் வாசியுங்கள். எட்டு இரவில் முடியும், மறுபடியும் தொடங்குங்கள். 'அவர்' என்று வருமிடத்தில் ஆண்டவரையும், 'நான்' என்று வருமிடத்தில் உங்களையும் வையுங்கள். வெட்கம் வந்தால் வரட்டும். எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அது ஐந்தாம் அதிகாரத்தில், கதவைத் திறப்பதற்குள் நேசர் போய்விட்டார் என்கிற இடம்.

ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பெர்னார்டும், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவானும் 'நம்ம ஆட்கள்' என்று சொல்லிக்கொண்டு திரிவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் பிரமச்சரிய விரதம் எடுத்தவர்கள். அவர்கள் காலத்துக்கு நம்முடைய அடையாளங்களே தெரியாது. என் உறவைப் பற்றிக் கேட்டிருந்தால் பெர்னார்டு கடுமையாகத்தான் பேசியிருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. கடவுளை நோக்கிய ஆசையும் மனிதரை நோக்கிய ஆசையும் ஒரே இருதயத்திலிருந்துதான் எழுகின்றன, ஒன்றின் சொல்லை எடுத்துத்தான் இன்னொன்றைப் பேச முடியும் என்பதற்கு அவருடைய ஒவ்வொரு பக்கமும் சாட்சி. ஆசையை முழுசாக நசுக்கிவிட்டால் ஜெபமும் சேர்ந்து செத்துப்போகும். எனக்குப் பல வருடம் அப்படித்தான் இருந்தது. வாய் ஜெபிக்கும், உள்ளே ஒன்றும் அசையாது.

பால்புதுமையினர் (குயர்) இறையியல் என்று இன்றைக்குச் சொல்வதில் எனக்கு முதலில் கிடைத்தது மார்செல்லா அல்தாவுஸ்-ரீட். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்து எடின்பரோவில் பேராசிரியராக இருந்து 2009-ல் மறைந்தவர். 2000-ல் வந்த தன் முக்கியமான நூலை பியூனஸ் ஐரிஸ் தெருவில் எலுமிச்சை விற்கும் பெண்களிலிருந்து தொடங்குகிறார். ஏழைகளுக்காகப் பேசிய விடுதலை இறையியல்கூட ஏழையின் உடலையும் ஆசையையும் பார்க்காமல் விட்டுவிட்டது என்பது அவருடைய வாதம். அரசரடி இறையியல் கல்லூரி இருக்கிற ஊரில், தலித் இறையியலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் பிடிபடக் கஷ்டமில்லை. ஒதுக்கப்பட்டவன் தன் இடத்தில் நின்று கடவுளைப் பேசுவது இங்கே பழகிய விஷயம். அவருடைய நடை முரட்டுத்தனமானது, வேண்டுமென்றே அதிரவைப்பார். அம்மாவிடம் காட்ட அது சரிப்படாது. எனக்கு அந்த முரட்டுத்தனம் ஒரு கட்டத்தில் தேவைப்பட்டது.

அந்தக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தெரிந்தபோது என்னை ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். உபவாசம், தலையில் கைவைத்துக் கத்தல், ஆவியின் பெயரைச் சொல்லச் சொல்லி மிரட்டல். அதற்கப்புறம் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. பக்தியுள்ள நண்பர் ஒருவர், "இது உனக்கு ஆத்துமாவின் இருண்ட இரவு, பொறுத்துக்கோ" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்தச் சொல்லை இப்படிக் கொடுப்பது ஆபத்து.

கடவுள் விலகிவிட்டதுபோல் ஆத்துமா வறண்டுபோகும் அந்த இருண்ட இரவைப் பற்றி எழுதிய சிலுவை யோவானைச் சொந்தச் சபைத் துறவிகளே 1577 டிசம்பரில் பிடித்து டொலேடோவில் ஒரு சிற்றறையில் அடைத்தார்கள், அடித்தார்கள். அங்கேதான் அவருடைய மணவாட்டிப் பாடலின் பெரும்பகுதி பிறந்தது. 1578 ஆகஸ்டில் தப்பித்தார். கவனியுங்கள், அங்கேயே இருந்து பொறுத்துக்கொள்ளவில்லை, இறங்கி ஓடினார். வெளியே வந்த பிறகுதான், இரவில் யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பித் தன் நேசரைத் தேடிப்போகும் ஒரு பெண்ணின் குரலில் அந்த இரவுப் பாட்டு. அவருடைய விளக்க நூலிலேயே, இந்த வறட்சி கடவுளிடமிருந்து வருகிறதா அல்லது மனச்சோர்வு நோயிலிருந்து வருகிறதா என்று பார்க்க அடையாளங்கள் கொடுத்திருக்கிறார். கடவுள் காரியத்திலும் ருசியில்லை, உலகக் காரியத்திலும் ருசியில்லை. ஆனாலும் கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற தவிப்பு நெஞ்சில் இருக்கும். பழையபடி தியானிக்க முயன்றாலும் முடியாது. வெறும் நோயாக இருந்தால் அந்தத் தவிப்பு இருக்காது, எல்லாம் சலிப்பாகிவிடும் என்கிறார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் பதினாறாம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்திருக்கிறார்.

ஆகவே தூக்கம் இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். ஜெபம் அதற்குத் தடையில்லை. 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லும் மருத்துவரிடம் போகாதீர்கள். தன்பாலீர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றவாளியாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவைத் தளர்த்தியது. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தின் பெயரால் 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடைசெய்தார். அந்த வழக்கைக் கொண்டுபோன இரண்டு பெண்களும் மதுரைக்காரர்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் இவற்றைத் தமிழில் எழுதி நீட்டுங்கள். நீதிமன்றம் என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

யாரிடம் சொல்வது என்பதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. இதற்கு ஒரு துறவியிடம் விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. வட இங்கிலாந்தில் ரீவோ மடத்தின் தலைவராக இருந்து 1167-ல் இறந்த ஏல்ரெட், ஆவிக்குரிய நட்பைப் பற்றி உரையாடலாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். 'இதோ நீயும் நானும். நமக்கு நடுவில் மூன்றாவதாகக் கிறிஸ்து இருப்பார் என்று நம்புகிறேன்' என்கிற கருத்தோடு அது தொடங்குகிறது. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் எழுதினாரே, தேவன் நட்பாகவே இருக்கிறார் என்றும் சொல்லலாமா என்று அதில் ஒருவர் கேட்பார். ஏல்ரெட் கொஞ்சம் தயங்கி, நட்பில் நிலைத்திருக்கிறவன் தேவனில் நிலைத்திருக்கிறான் என்பதைச் சொல்லத் தயங்கமாட்டேன் என்பார். நண்பனை முதலில் தேர்ந்தெடு, அப்புறம் சோதித்துப் பார், அதன் பிறகே உள்ளே விடு என்பது அவருடைய முறை. சோதிக்க வேண்டியவை நான்கு: நண்பனுக்கு உண்மையாயிருக்கும் விசுவாசம், நோக்கம், விவேகம், பொறுமை. சட்டென்று கோபப்படுகிறவர், நிலையில்லாதவர், சந்தேகக்காரர், வாயாடி, இவர்களிடம் எச்சரிக்கை.

இதை நான் அப்படியே நடைமுறையில் வைத்திருக்கிறேன். சொல்ல நினைக்கும் ஆளிடம் முதலில் ஒரு சின்ன ரகசியத்தைக் கொடுங்கள், வேறு எதையாவது. ஒரு மாதம் பாருங்கள். அது தெருவுக்கு வந்ததா? அவர் அதை வைத்து உங்களைக் குத்திக்காட்டினாரா? பொதுவாக எங்களைப் போன்றவர்களைப் பற்றிச் செய்தி வரும்போது அவர் வாயிலிருந்து என்ன வருகிறது? அதன் பிறகு முடிவு செய்யுங்கள். ஆயர் என்பதாலேயே ஒருவரிடம் கொட்டிவிட வேண்டாம். நல்ல ஆயர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருவர் கிடைத்தார். ஆனால் அவரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தித்தான் போனேன். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டை நம்பியிருக்கிற வயதில், அடி விழும் வீடு என்று தெரிந்தால், சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அம்மா விஷயம். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருடமாக இருக்கிறவர். தினமும் விடிகாலையில் பைபிள். அவரிடம் நான் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனது நார்விச் ஜூலியனை. 1373 மே மாதம் சாகக் கிடந்தபோது தரிசனங்கள் கண்டு, அப்புறம் கோவிலை ஒட்டிய ஒரு அறைக்குள்ளேயே வாழ்ந்த இங்கிலாந்துப் பெண். இயேசுவை நம் தாய் என்கிறார். மற்றத் தாய் பாலூட்டுகிறாள், இந்தத் தாய் தன்னையே ஊட்டுகிறார் என்று திருவிருந்தைச் சொல்கிறார். தேவனிடத்தில் தான் கோபத்தைக் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தாய் என்றதும் அவர் ஆச்சரியப்படவில்லை. அரசரடியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், ஆண்டவரைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டுப் பாட்டுக் கட்டியவர். அம்மாவுக்கு அது பழக்கம். கோபம் இல்லை என்றதும்தான் கத்தியை வைத்தார்.

"கோவமே இல்லேன்னா சோதோம் எதுக்குப்பா அழிஞ்சுச்சு?"

எசேக்கியேல் 16:49 பாருங்கம்மா என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, ஜிப் உறை போட்ட தன்னுடைய பைபிளையே எடுத்து வாசித்தார். சோதோமின் அக்கிரமம் என்னவென்று தீர்க்கதரிசி அங்கே நேராகச் சொல்கிறார்: கெர்வம், ஆகாரத்திரட்சி, சோம்பல், சிறுமையும் எளிமையுமானவனுடைய கையைப் பலப்படுத்தாமல் போனது. அம்மா இரண்டாம் முறை விரல் வைத்து வாசித்தார். அடுத்த வசனத்தில் அருவருப்பு என்று வருகிறதே என்று அதையும் காட்டினார். வருகிறதம்மா என்றேன். மேலே ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் அவர் என் பக்கம் முழுசாக வந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுவாரம் மீன்குழம்பு வைத்தபோது, "அந்தத் தம்பியையும் சாப்பிட வரச் சொல்லு" என்றார். அதற்கப்புறம் ஜெப வீட்டுப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

பெற்றோரிடம் போகிறவர்களுக்கு இதிலிருந்து சொல்ல ஒன்று உண்டு. அவர்களுடைய பைபிளிலேயே, அவர்கள் கையாலேயே எடுத்து வாசிக்க விடுங்கள். நீங்கள் போனில் காட்டும் எதையும் நம்பமாட்டார்கள். அவர்கள் சரியாகக் கேட்கும் கேள்விக்கு மழுப்பாதீர்கள்.

இப்போது நாங்கள் ஒரு சிறு குழுவாகக் கூடுகிறோம். யார் வீட்டிலாவது, சாயங்காலம், டீயும் முறுக்கும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் உண்டு. வாட்ஸ்அப் குழுவின் பெயர் வேதபாடம், அதில் யாரும் சொந்தப் படம் வைப்பதில்லை, கூடும் இடத்தை அன்று மதியம்தான் சொல்வோம். யாரையும் யாரும் வெளியில் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வதில்லை. அவர் சொன்னால் சொல்வோம். ஒரு பகுதியை இருமுறை வாசித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மனதில் தைத்ததைச் சொல்வோம். மற்றவர் சொன்னதைத் திருத்துவதில்லை. விவாதம் வேண்டுமென்றால் டீ நேரத்தில்.

சமீபத்தில் ஒரு திருநங்கைச் சகோதரி வரத் தொடங்கியிருக்கிறார். பெர்னார்டைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, உங்களுக்கெல்லாம் மணவாட்டின்னா ஒரு உவமை. என்னைப் பொண்ணுன்னு முதல்ல கூப்பிட்டது அந்தப் பாட்டுதான்" என்றார். உன்னதப்பாட்டை அவர் வாசிப்பதைக் கேட்ட பிறகு என்னுடைய விளக்கங்களில் பலவற்றை மறுபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏசாயா 56-ஐ அவர்தான் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். நான் பட்டமரம் என்று அண்ணகன் (ஆண்மை நீக்கப்பட்டவன்) சொல்லவேண்டாம், குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய கீர்த்தியைவிட மேலான நாமத்தை என் ஆலயத்தில் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற இடம். அந்த நாமம் அவருக்கு உவமையாகப் போதாது. சபைப் பதிவேட்டில் அவருடைய பழைய பெயர்தான் இருக்கிறது. ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தல் இன்னும் ஆகவில்லை, புதுப் பெயரில் ஆகவேண்டும் என்று கேட்கிறார். அவருடைய ஆயர் முடியாது என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அரசு அடையாள அட்டையின் நகலையும் ஏசாயாவின் அந்த வசனங்களையும் அண்ணகனான எத்தியோப்பிய மந்திரி "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்ட அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தையும் சேர்த்து ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். வரும் செவ்வாய் அவரோடு நானும் போகிறேன்.